பல வங்கி, ஒரே கடன்: ஐரோப்பியக் கூட்டுக் கடன் சந்தை மாறிய கதை

2000-ஆம் ஆண்டில் டாடா டீ நிறுவனம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெட்லி தேயிலை நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2007-இல் டாடா ஸ்டீல், ஆங்கிலோ-டச்சு எஃகு நிறுவனமான கோரஸை சுமார் 620 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே ஃபோர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் எடுத்துக்கொண்டது. இந்தச் செய்திகள் வந்தபோது நம் வீடுகளில் எல்லாம் பெருமையோடு பேசிக்கொண்டோம். வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தனை பணத்தையும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் "ஏதோ பேங்க் கொடுத்திருக்கும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

ஏதோ ஒரு பேங்க் இல்லை, பல பேங்குகள். ஒரே ஒப்பந்தத்தின் கீழ் பல வங்கிகள் சேர்ந்து ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் இந்தக் கடனுக்கு சிண்டிகேட் கடன் என்று பெயர். தமிழில் கூட்டுக் கடன் என்று சொல்லலாம். இந்தச் சந்தை ஐரோப்பாவில் பிறந்து, வளர்ந்து, கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. அது எப்படி, ஏன் மாறியது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வங்கிக் கணக்கு பார்க்கத் தெரிந்தால் போதும், வேறு படிப்பு தேவையில்லை.

கூட்டுக் கடன் என்றால் என்ன?

ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு 100 கோடி யூரோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு வங்கியும் அத்தனையையும் தானே தூக்கிக் கொடுக்கத் தயங்கும். அந்தக் கம்பெனி கவிழ்ந்தால் வங்கியும் கூடவே ஆட்டம் காணும். எனவே கம்பெனி தனக்கு நன்கு பழக்கமான ஒன்றிரண்டு வங்கிகளை அழைத்து, "நீங்கள் ஏற்பாடு செய்து கொடுங்கள்" என்று பொறுப்பை ஒப்படைக்கும். இவைதான் ஏற்பாட்டு வங்கிகள், அதாவது அரேஞ்சர்கள். இவர்கள் கம்பெனியின் வரவு செலவு, தொழில், எதிர்காலம் எல்லாவற்றையும் எழுதி ஒரு தகவல் அறிக்கை தயாரித்து மற்ற வங்கிகளுக்கு அனுப்புவார்கள். படித்துப் பார்த்துப் பிடித்தவர்கள் ஆளுக்கு 5 கோடி, 10 கோடி என்று பங்கு எடுத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. பக்கத்து வங்கி பணம் தராவிட்டால் அதை இவர் தர வேண்டியதில்லை. இரண்டாவது, எல்லோருக்கும் ஒப்பந்தம் ஒன்றுதான், நிபந்தனையும் ஒன்றுதான். பணம் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது, வட்டியைக் கணக்கிட்டு அறிவிப்பது, கம்பெனி அனுப்பும் அறிக்கைகளைச் சுற்றுக்கு விடுவது ஆகிய வேலைகளை ஏஜென்ட் வங்கி என்ற ஒருவர் செய்வார். சீட்டு நடத்துபவர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. சீட்டில் ஒருவர் கட்டாவிட்டால் நடத்துபவர் கைக்காசைப் போட வேண்டும், ஏஜென்ட் வங்கிக்கு அந்தச் சுமை கிடையாது.

நிபந்தனையில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் ஓட்டெடுப்பு நடக்கும். சாதாரண விஷயங்களுக்குக் கடனில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும். வட்டியைக் குறைப்பது, தவணையைத் தள்ளிப்போடுவது போன்ற அடிப்படை விஷயங்களுக்கு வழக்கமாக அனைவர் சம்மதமும் வேண்டும். இந்த ஓட்டுரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் பின்னால் வரப்போகும் கதையின் முடிச்சு.

லண்டனில் பிறந்த வழக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளியே டாலர்கள் குவிந்தன. அமெரிக்காவில் டெபாசிட் வட்டிக்கு உச்சவரம்பு இருந்ததால் அந்த டாலர்கள் ஊர் திரும்பாமல் லண்டன் வங்கிகளிலேயே தங்கின. இவற்றுக்கு யூரோ டாலர் என்று பெயர் வந்தது. இன்றைய யூரோ நாணயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1969-இல் மினோஸ் ஸோம்பனாகிஸ் என்ற கிரேக்க வங்கியாளர், மேனுஃபாக்சரர்ஸ் ஹனோவர் வங்கியின் சார்பில் லண்டனிலிருந்து ஈரானுக்கு 8 கோடி டாலர் கூட்டுக் கடன் ஏற்பாடு செய்தார். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. வங்கிகள் பணம் திரட்டுவது சில மாதத் தவணையில், ஈரான் கேட்பதோ பல ஆண்டுக் கடன். நடுவில் வட்டி ஏறினால் நஷ்டம் வங்கிக்கு. ஸோம்பனாகிஸ் கண்ட வழி இதுதான்: குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, வங்கிகளுக்குப் பணம் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்று கேட்டு, சராசரி எடுத்து, அதன்மேல் ஒரு சிறு தொகையை லாபமாக வைத்து வட்டியைப் புதுப்பிப்பது. லைபார் என்று பிற்பாடு உலகமெல்லாம் அறிந்த வட்டி விகிதத்தின் தொடக்கம் இந்த மாதிரிக் கடன்களில்தான்.

நமக்கு இது அவ்வளவு புதுமை அல்ல. பர்மாவில் தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கூடிப் பேசி "நடப்பு வட்டி" என்று ஒன்றை நிர்ணயித்து, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலை அதன் அடிப்படையில் நடத்தினார்கள். ரங்கூனில் நடந்ததற்கும் லண்டனில் நடந்ததற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் தேவை ஒன்றாக இருக்கும்போது மனிதர்கள் கண்டுபிடிக்கும் வழியும் ஒன்றாகவே இருக்கிறது.

1973-இல் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்தது. வளைகுடா நாடுகளின் எண்ணெய்ப் பணம் லண்டன், நியூயார்க் வங்கிகளுக்கு வந்து, அங்கிருந்து கூட்டுக் கடனாக லத்தீன் அமெரிக்க அரசுகளுக்குப் போனது. "நாடு திவாலாகாது" என்ற நம்பிக்கையில் வங்கிகள் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ "தவணை கட்ட முடியவில்லை" என்று கைவிரித்தது. அதற்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் ஐநூறுக்கும் மேல். கூட்டுக் கடனின் முதல் பெரிய பாடம் அது: ஆபத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொண்டதால் ஆபத்து குறைந்துவிடவில்லை, எல்லோருக்கும் பரவிவிட்டது.

யூரோ வந்த பிறகு

அதன்பின் வங்கிகள் நாடுகளை விட்டுக் கம்பெனிகள் பக்கம் திரும்பின. 1996-இல் லண்டனில் எல்.எம்.ஏ. எனப்படும் கடன் சந்தைச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு வக்கீல் ஒவ்வொரு மாதிரி எழுதிக்கொண்டிருந்த ஒப்பந்தத்துக்கு அது பொதுவான மாதிரி வடிவம் கொடுத்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒப்பந்தங்கள் ஒரே மாதிரி ஆனதால்தான் ஒரு வங்கி தன் பங்கை இன்னொருவருக்கு விற்பது சுலபமாயிற்று. கடன் என்பது கொடுத்து வைத்துக் காத்திருக்கும் உறவு என்ற நிலையிலிருந்து, வாங்கி விற்கும் சரக்காக மாறத் தொடங்கியது இங்கேதான்.

1999-இல் யூரோ நாணயம் வந்தது. லிரா, மார்க், ஃபிராங்க் என்று பிரிந்து கிடந்த சந்தைகள் ஒன்றாயின. அதே ஆண்டு இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய டெலிகாம் இத்தாலியாவை வளைக்க 2,250 கோடி யூரோ கூட்டுக் கடன் திரட்டியது. அடுத்த ஆண்டு 3ஜி அலைக்கற்றை ஏலங்களில் பிரிட்டன், ஜெர்மனி அரசுகளுக்குத் தொலைபேசிக் கம்பெனிகள் கொட்டிக்கொடுத்த பணத்திலும் கூட்டுக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு.

வங்கிக்கு இதில் என்ன கிடைக்கிறது?

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஜெர்மன் கம்பெனி வாங்கும் 100 கோடி யூரோ, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வகைக் கடன். நம் ஊர் ஓவர்டிராஃப்ட் மாதிரி. ஒரு வங்கியின் பங்கு 5 கோடி யூரோ. எடுத்தால் அடிப்படை வட்டிக்கு மேல் 0.80 சதவீதம் லாபம். எடுக்காமல் வைத்திருந்தால் அந்த லாபத்தில் 35 சதவீதம், அதாவது 0.28 சதவீதம் மட்டும் காத்திருப்புக் கட்டணம். நல்ல நிலையில் உள்ள கம்பெனிகள் பெரும்பாலும் பணத்தை எடுப்பதே இல்லை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள். அப்படியானால் வங்கியின் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 40 ஆயிரம் யூரோ.

இதற்காக வங்கி தன் சொந்த மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். எடுக்கப்படாத தொகையில் பாதியைக் கடனாகக் கணக்கில் கொண்டு, அதில் 10.5 சதவீதம் ஒதுக்குவதாக வைத்தால் சுமார் 26 லட்சம் யூரோ முடங்குகிறது. 26 லட்சத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் என்றால் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். இதில் சம்பளம், கம்ப்யூட்டர், வரி எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். பங்குதாரர்கள் எதிர்பார்ப்பதோ பத்து சதவீதத்துக்கு மேல்.

அப்புறம் ஏன் வங்கிகள் கொடுக்கின்றன? கடனில் வராத காசு வேறு வழியில் வரும் என்பதற்காக. அந்தக் கம்பெனியின் அந்நியச் செலாவணி வியாபாரம், பத்திர வெளியீடு, சம்பளப் பட்டுவாடா, இன்னொரு கம்பெனியை வாங்கும்போது ஆலோசனைக் கட்டணம் இவையெல்லாம் கடன் கொடுத்த வங்கிகளுக்கே போகும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கல்யாண மொய் மாதிரிதான். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று இரு தரப்பும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்த உறவுக்கு ஆபத்துக் காலத்தில் மதிப்பு தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, ஏர்பஸ் நிறுவனம் 1,500 கோடி யூரோவுக்குப் புதிய கடன் வசதியை உடனே ஏற்பாடு செய்ய முடிந்தது. சந்தையில் யாரும் யாரையும் நம்பாத நாட்களில், பழகிய வங்கிகள் கைகொடுத்தன.

கடனை வைத்துக் கம்பெனியை வாங்குவது

இன்னொரு வகை இருக்கிறது. பிரைவேட் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனங்கள் ஒரு கம்பெனியை வாங்கும். தங்கள் கைப்பணம் கொஞ்சம், கடன் நிறைய. அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது வாங்கியவர் அல்ல, வாங்கப்பட்ட கம்பெனி! வீட்டை வாங்கி, வீட்டு வாடகையிலிருந்தே தவணை கட்டுவது போல. டாடா டீ டெட்லியை வாங்கியதும் இந்த முறையில்தான். அதற்கான கடனை நெதர்லாந்தின் ராபோபேங்க் ஏற்பாடு செய்தது. கோரஸ் வாங்கியபோதும் கடனின் பெரும் பகுதி கோரஸின் வரவை நம்பியே ஏற்றப்பட்டது.

இத்தகைய கடனில் ஆபத்து அதிகம், வட்டியும் அதிகம். ஆண்டுக்கு 10 கோடி யூரோ இயக்க லாபம் ஈட்டும் கம்பெனியின் மேல் 60 கோடி யூரோ கடன் ஏற்றினால், 4 சதவீத வட்டிக்கு 2.4 கோடி போகும். சமாளிக்கலாம். வட்டி 8 சதவீதமானால் 4.8 கோடி. லாபத்தில் பாதி வட்டிக்கே சரியாகிவிடும். மிச்சத்தில் வரி கட்டி, புது இயந்திரம் வாங்கி, அசலையும் அடைக்க வேண்டும்.

இந்தக் கடன்களை வாங்குவதற்கென்றே சி.எல்.ஓ. என்ற அமைப்புகள் உருவாயின. ஒரு மேலாளர் நூறு, நூற்றைம்பது கம்பெனிகளின் கடன்களில் சிறு சிறு பங்குகளை வாங்கி ஒரு கூடையில் போடுவார். அந்தக் கூடையின் வருமானத்தைப் படிப்படியாகப் பிரித்து விற்பார். முதல் படியில் இருப்பவருக்குப் பணம் முதலில் கிடைக்கும், வட்டி குறைவு. கடைசிப் படியில் இருப்பவருக்கு மிச்சம் இருந்தால்தான் கிடைக்கும், ஆனால் நன்றாக ஓடினால் லாபம் அதிகம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், ஓய்வூதிய நிதிகள் எல்லாம் இவற்றை வாங்கின.

2007: கடை சாத்திய நாள்

2007-இல் பிரிட்டனின் மருந்துக்கடை நிறுவனமான அலையன்ஸ் பூட்ஸை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனமும் ஸ்டெஃபானோ பெசினா என்ற தொழிலதிபரும் சுமார் 1,100 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்கான கடன் சுமார் 900 கோடி பவுண்ட். வங்கிகள் வழக்கம்போல் "நாங்கள் தருகிறோம், பிறகு மற்றவர்களுக்கு விற்றுக்கொள்கிறோம்" என்று கையெழுத்திட்டுவிட்டன. ஜூலையில் விற்கப் போனால் வாங்க ஆளில்லை. அமெரிக்க வீட்டுக் கடன் பிரச்சினை வெடித்து, எல்லோரும் பணப்பையைச் சுருக்கிக்கொண்ட நேரம். கடன் வங்கிகளின் கையிலேயே தங்கிவிட்டது.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத கேள்வி வந்தது. கடன் வாங்கியவர் திவாலானால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். கடன் கொடுப்பவரே திவாலானால்? அதற்குப் பிறகுதான் எல்.எம்.ஏ. தன் மாதிரி ஒப்பந்தங்களில் அதற்கான ஷரத்துகளைச் சேர்த்தது.

நம்மவர்கள் இதில் நேரடியாக மாட்டிக்கொண்டார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவருக்காக டாடா மோட்டார்ஸ் வாங்கிய 300 கோடி டாலர் இடைக்காலக் கடனைத் திருப்ப வேண்டிய கெடு 2009 ஜூன். உலகமே கடன் கதவைச் சாத்திய வேளையில், உரிமைப் பங்கு வெளியிட்டும் இந்திய வங்கிகளின் துணையோடு கடன் பத்திரம் விற்றும் புதுப்பித்தும் அந்தக் கண்டத்தைத் தாண்டினார்கள். கோரஸ் விஷயத்தில் எஃகுக்குத் தேவை சரிந்து, ஒப்பந்தத்தில் சொன்ன லாப விகிதத்தைக் காட்ட முடியாத நிலை. 2009-இல் டாடா ஸ்டீல் கூடுதல் பணம் போட ஒப்புக்கொண்டது, வங்கிகள் நிபந்தனைகளைத் தளர்த்தின. 2010-இல் அந்தக் கடன் புதிய கடனால் அடைக்கப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்று மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வங்கிகள். அவர்களுக்கு டாடா குழுமத்தோடு நாளைக்கும் வியாபாரம் உண்டு. எனவே பேச இடமிருந்தது.

வங்கி விலகியது, நிதிகள் நுழைந்தன

நெருக்கடிக்குப் பின் 2010-இல் பாசல் மூன்றாம் ஒப்பந்தம் வந்தது. வங்கிகள் அதிக மூலதனம் வைக்க வேண்டும் என்றாயிற்று. மேலே பார்த்த கணக்கில் மூலதனம் கூடினால் லாப விகிதம் இன்னும் சுருங்கும் அல்லவா? 2017-இல் ஐரோப்பிய மத்திய வங்கி, இயக்க லாபத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் கடன் கொடுப்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று தன் மேற்பார்வையில் உள்ள வங்கிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வங்கிகள் ஆபத்தான கடனை ஏற்பாடு செய்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, கடனை மற்றவர்களுக்கு விற்றுவிடும் தரகர் நிலைக்கு நகர்ந்தன. வாங்கியவர்கள் சி.எல்.ஓ.க்களும் நிதிகளும்.

அந்த ஆண்டுகளில் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே போனது. பணத்தை எங்கே போடுவது என்று முதலீட்டாளர்கள் தவித்தார்கள். கிராக்கி கூடினால் நிபந்தனை தளரும், இது எந்தச் சந்தைக்கும் பொருந்தும். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "உன் கடன் லாபத்தைப் போல எத்தனை மடங்கு?" என்று கம்பெனியைச் சோதிப்பார்கள். கவனன்ட் என்று இதற்குப் பெயர். வீட்டில் புகையைக் கண்டதும் கூவும் மணி போன்றது இது. ஐரோப்பாவில் 2007-க்கு முன் இந்தச் சோதனை இல்லாத கடன் அபூர்வம். 2010-களின் முடிவில் நிதிகளுக்கு விற்கப்படும் கடன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சோதனை கிடையாது என்ற நிலை வந்துவிட்டது. மணி அடிக்காததால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் தீ தெரியும்போது கூரை வரை ஏறியிருக்கும்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. சில நிதிகள் "நடுவில் வங்கி எதற்கு? நாங்களே நேராகக் கொடுக்கிறோம்" என்று வந்தன. இதுவே பிரைவேட் கிரெடிட். ஒரு நிதியோ இரண்டு மூன்று நிதிகளோ சேர்ந்து முழுக் கடனையும் கொடுத்துவிடும். தகவல் அறிக்கை ஊரெல்லாம் சுற்ற வேண்டாம், தர மதிப்பீடு வேண்டாம், சில வாரங்களில் பணம் கையில். வட்டி மட்டும் கூடுதல். 2022-இல் உக்ரைன் போரும் விலைவாசியும் சேர்ந்து வட்டியை ஏற்றியபோது வங்கிகள் மறுபடியும் விற்க முடியாத கடன்களோடு மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் மாரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட் கடனைத் தள்ளுபடி விலைக்கு விற்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் இந்த நிதிகள் வேகமாக வளர்ந்தன. 2023-இல் உலக அளவில் இவற்றின் அளவு சுமார் 2.1 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் முக்கால் பங்கு அமெரிக்காவில் என்றும் சர்வதேச நாணய நிதியம் கணக்கிட்டது. 2024-இல் வட்டி இறங்கத் தொடங்கியதும் வங்கிகள் திரும்ப வந்து, நிதிகளிடம் அதிக வட்டிக்கு வாங்கிய கம்பெனிகளைக் குறைந்த வட்டிக் கூட்டுக் கடனுக்கு இழுத்தன. இன்று இரண்டும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கின்றன.

லைபார் போனது, வேறு சிலவும் மாறின

1969-இல் தொடங்கிய வழக்கத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது. வங்கிகள் சொல்லும் வட்டியை நம்பித்தானே சராசரி எடுத்தார்கள்? சிலர் தங்கள் லாபத்துக்காகப் பொய் சொன்னது வெளியே வந்தது. 2012-இல் பார்க்லேஸ் வங்கிக்கு 29 கோடி பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. 2021 இறுதியோடு பவுண்ட் லைபாரும், 2023 ஜூனில் டாலர் லைபாரும் பழைய வடிவில் முடிவுக்கு வந்தன. பவுண்டுக்கு சோனியா, டாலருக்கு சோஃபர் என்று, உண்மையில் நடந்த ஒரு நாள் பரிவர்த்தனைகளை வைத்துக் கணக்கிடும் விகிதங்கள் வந்தன. யூரோவுக்கு மட்டும் யூரிபோர் சீர்திருத்தப்பட்டுத் தொடர்கிறது.

பிரெக்ஸிட் இன்னொரு மாற்றம். 2020 இறுதி வரை லண்டன் கிளையிலிருந்தே ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கடன் கொடுத்த வங்கிகள், அதன்பின் ஃபிராங்க்ஃபர்ட், பாரீஸ், டப்ளின் என்று தனி நிறுவனம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனாலும் ஒப்பந்தங்கள் பலவும் இன்னமும் இங்கிலாந்துச் சட்டப்படியே எழுதப்படுகின்றன.

2017-இல் பிலிப்ஸ் நிறுவனம் ஐ.என்.ஜி. தலைமையில் 16 வங்கிகளிடம் 100 கோடி யூரோ கடன் வசதி பெற்றபோது ஒரு புதுமை நடந்தது. சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பில் கம்பெனியின் மதிப்பெண் கூடினால் வட்டி குறையும், குறைந்தால் வட்டி கூடும் என்ற நிபந்தனை. அதன்பின் இது பரவலாயிற்று. நல்ல எண்ணம்தான். ஆனால் மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும்படி இலக்கு வைத்துக்கொண்டால் பயன் என்ன என்ற கேள்வியும் கூடவே பரவியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. மூன்று காரணம் சொல்வேன்.

ஒன்று, நம் பிள்ளைகள். ஐரோப்பிய வங்கிகளின் கடன் பிரிவு வேலைகள் பலவும் இன்று சென்னை, மும்பை, பெங்களூரு, புனே அலுவலகங்களில் நடக்கின்றன. வட்டி அறிவிப்பு அனுப்புவது, பங்கு கைமாறும்போது கணக்கை மாற்றுவது எல்லாம் இங்கிருந்துதான். நம் ஊரில் பங்கு விற்றால் மறுநாளே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஐரோப்பியக் கடன் சந்தையில் ஒரு பங்கு கைமாற வழக்கமான கெடுவே பத்து வேலை நாள், அதற்கும் மேலே இழுப்பது சகஜம். ஒவ்வொரு ஒப்பந்தமும் தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாள் வேண்டும். "பேக் ஆபீஸ் வேலைதானே" என்று பிள்ளைகளைக் குறைத்துப் பேசும் பெரியவர்கள், அந்த மேஜையில் எத்தனை கோடி நகர்கிறது என்பதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு, நம் சேமிப்பு. இந்தியக் கம்பெனிகள் வெளிநாட்டில் கம்பெனி வாங்கும் செய்தி இனியும் வரும். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளும் கம்பெனி கையகப்படுத்தலுக்குக் கடன் கொடுக்க வழி செய்யப்போவதாக அறிவித்தது. அதுவரை இது பெருமளவு வெளிநாட்டு வங்கிகளின் களமாகவே இருந்தது. உங்கள் கையில் உள்ள பங்கின் கம்பெனி ஒன்று வெளிநாட்டில் பெரிதாக வாங்குகிறது என்றால், விலை எவ்வளவு என்பதோடு நிறுத்த வேண்டாம். கடன் எவ்வளவு, யார் வரவிலிருந்து அடைபடும், தாய்க் கம்பெனி உத்தரவாதம் கொடுத்திருக்கிறதா, கெடு என்று, இந்த நான்கையும் பாருங்கள். ஆண்டறிக்கையில் கடன்கள் பற்றிய குறிப்புகளில் இவை பெரும்பாலும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். கடன் கொடுத்தவர் மாறினால் கஷ்ட காலத்தின் பேச்சும் மாறும். 2024 மார்ச்சில், எஸ்.எஃப்.ஆர். தொலைபேசியை நடத்தும் அல்டிஸ் பிரான்ஸ் நிறுவனம், கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவர்களிடம் கேட்டது. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பெரும்பாலும் நிதிகள். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, தனித்தனியாகப் பேசுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஓராண்டு இழுபறிக்குப் பின் 2025-இல் உடன்பாடு ஏற்பட்டது. சுமார் 2,400 கோடி யூரோ கடன் சுமார் 1,550 கோடியாகக் குறைந்தது, பதிலுக்குக் கம்பெனியில் 45 சதவீதப் பங்கு கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நிதிகளை நடத்துபவர்கள் யாரோ ஒரு ஆசிரியரின், செவிலியரின் ஓய்வூதியப் பணத்துக்குப் பொறுப்பாளிகள். வங்கிகள் மட்டும் உத்தமர்கள் என்றும் இல்லை. 1982-இலும் 2007-இலும் அவர்கள் செய்ததைப் பார்த்தோம். நிதிகளிடம் கடன் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கடன் மூழ்கினால் பொதுமக்களின் டெபாசிட்டுக்கு நேராகச் சேதம் வராது. ஆனால் அந்த நிதிகளுக்கே வங்கிகள் கடன் கொடுத்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. முன்வாசல் வழியாக வெளியேறிய ஆபத்து கொல்லைப்புறமாகத் திரும்பி வரக்கூடும். ஐரோப்பிய, பிரிட்டிஷ் மேற்பார்வையாளர்கள் இப்போது கவலையோடு கவனிப்பதும் இதைத்தான்.

அறுபது ஆண்டுகளில் இந்தச் சந்தை கற்றுக்கொடுத்தது என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லலாம். ஆபத்தைப் பங்கு போடலாம், விற்கலாம், கூடையில் போட்டு அடுக்கலாம், ஆனால் காணாமல் போகச் செய்ய முடியாது. அது யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அடுத்த முறை "இத்தனை ஆயிரம் கோடிக்கு இந்தியக் கம்பெனி வெளிநாட்டில் வாங்கியது" என்று தலைப்புச் செய்தி வரும்போது, பெருமைப்படுவோம், தப்பில்லை. கூடவே, அந்தக் கடன் இன்று யார் கையில் இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்டு வைப்போம்.